திருத்தியவை: 3.2.1

போன மாதம் வரை நானும் அப்படித்தான் எழுதினேன்:
"சில சிறு திருத்தங்கள்."
மூன்று சொல், ஒரு முற்றுப்புள்ளி,
விளக்கை அணைத்தால் தூக்கம்.

களஞ்சியத்தில் எல்லாம் கிடக்கிறது.
போன வெளியீட்டுக்குப் பின் நூற்றுப் பன்னிரண்டு கமிட்டுகள்:
"தட்டச்சுப் பிழை",
"மறுபடியும் தட்டச்சுப் பிழை",
விடியற்காலை மூன்றரைக்குப் பிரெய்ஷோ இட்ட
"இப்போதாவது ஓடித் தொலை".
இயந்திரம் எதையும் மறப்பதில்லை.
யாருக்கும் எதையும் சொல்வதுமில்லை.
சொல்வதற்கென்று தனியாக ஒரு கோப்பு உண்டு,
எழுதத்தான் ஆளில்லை.
விருந்து முடிந்த வீட்டில் கடைசியாக எழுந்தவரிடம்
பாத்திரங்கள் வந்து சேர்வதுபோல்
அது என்னிடம் வந்தது.

சேர்த்தவை. மாற்றியவை. நீக்கியவை. திருத்தியவை.
புதியது மேலே, பழையது கீழே.
கீழே இறங்க இறங்க எங்களுக்கு வயது குறையும்.
அடியில், 0.1-இல், ஒரே வரி:
"ஓதம் கணக்கிடும், பெரும்பாலும்."

அரோசா கழிமுகத்தில் கடல் எப்போது வற்றும்,
எப்போது ஏறும் என்று சொல்கிற நிரல் எங்களுடையது.
இலவசம்.
உத்தரவாதம் எதுவும் இல்லையென்று
உரிமத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை ஒரு பிழை அறிக்கை.
அனுப்பியவர் எவுடோசியா, அப்படி வைத்துக்கொள்வோம்.
"எந்தப் பதிப்பு?" என்ற கட்டத்தில்
"கார்ரில் கரை" என்று நிரப்பியிருந்தார்.
எதிர்பார்த்தது: வற்றம், பதினொன்று இருபது.
நடந்தது: பன்னிரண்டு நாற்பதுக்கு இடுப்பளவு தண்ணீர்.

அக்டோபர் கடைசி ஞாயிறு
ஊரெல்லாம் கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளியது.
எங்கள் நிரல் திங்கள் நள்ளிரவு வரை நகரவில்லை.
சங்கத்துப் பலகையில் ஒட்டியிருந்த தாள்
எங்களிடமிருந்து அச்சிட்டது.

"என் காலுக்குத் தெரிந்துவிட்டது," என்று எழுதியிருந்தார்.
"நான் ஏறிவிட்டேன். புதிதாய்ச் சேர்ந்த மூன்று பேர்
தாளை நம்பினார்கள்.
ஒரு சாக்கு மட்டி போயிற்று, ஒரு கால் பூட்ஸ் போயிற்று.
ஆள் யாரும் போகவில்லை."

கடைசி வரியை எத்தனை முறை படித்தேனோ.

தேடினேன்.
"சிறியது" என்று இருக்கவேண்டிய இடத்தில்
"சிறியது அல்லது சமம்".
ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை, எழுதியது நான்.
சரிசெய்ய நான்கு நிமிடம்.
சொல்ல இரண்டு இரவு.

லூகோவிலிருந்து பிரெய்ஷோ சொன்னான்:
"நேர மண்டலக் கையாளுகை மேம்படுத்தப்பட்டது.
இப்படிப் போடு, போதும்."
மேம்படுத்தப்பட்டது.
செயப்பாட்டு வினைதான் எவ்வளவு நல்ல திரைச்சீலை!
விலக்கிப் பார்த்தால் பின்னால் ஒருவரும் நிற்பதில்லை.
அவன் பொய் சொல்லவில்லை,
சங்கடமே அதுதான்.

வெட்டி, எழுதி, மறுபடி வெட்டி,
கடைசியில் நின்றது இது:

*கடிகாரம் பின்னே போன ஞாயிறுக்கு மறுநாள் முழுவதும்
வற்றத்தையும் ஏற்றத்தையும்
ஒரு மணி நேரம் தாமதமாகக் காட்டினோம்.
3.1.0 முதல் 3.2.0 வரை.
தவறு என்னுடையது.
அச்சிட்ட தாள் ஒட்டியிருந்தால், கிழித்துவிடுங்கள்.*

கண்டுபிடித்தவர் பெயரைப் போடுவது வழக்கம்.
போடலாமா என்று கேட்டேன்.
"வேண்டாம். என் மகன் கப்பலில்
உங்கள் நிரலைத்தான் வைத்திருக்கிறான், படிப்பான்.
தண்ணீர் ஏறிய நேரத்தைப் போடு.
யாருக்காவது பயன்படும்."

அதனால் எங்கள் பதிவேட்டில், "நன்றி" என்பதன் கீழே,
முந்நூற்றுச் சொச்சம் பெயர்களுக்கு மேல்,
ஒரு நேரம் நிற்கிறது:
திங்கள், 12.40.

வெளியிடுமுன் பிரெய்ஷோ பார்த்தான்.
நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு ஒரு காற்புள்ளியை எடுத்தான்,
"கிழித்துவிடுங்கள்" என்பதற்கு முன்னால் இருந்ததை.
இதையும் பதிவேட்டில் ஏற்றவா என்றேன்.
"சிறு திருத்தம்" என்றான்.